மஞ்சள் மேப்பிளின் கீழே எடுத்த படம்

ஹம்பேர்க்கில் ஒக்டோபர் பிறந்தால் எங்கள் சனம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஹீற்றரைத் திருகிப் பார்க்கும். தடித்த ஜக்கற்றை அலுமாரியிலிருந்து இழுத்தெடுக்கும். "இனி மாசக்கணக்கில சிறைதான்" என்று போனில் ஆளுக்காள் புலம்பும். மரியமலர் அக்கா மட்டும் இலை பார்க்கப் புறப்படுவார்.

மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் நெடுங்காலமாக வேலை. வந்த முதல் வருடம் முகாம் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இஞ்ச மரங்களுக்கு ஏதோ வருத்தம் வந்திட்டுது, எல்லாம் சாகப்போகுது" என்று மற்றப் பெண்களைப் பயமுறுத்தியவர் இவர்தான். அந்தக் கதையை வைத்து இன்றைக்கும் நான் அவரைப் பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். பிறகு, "றீற்றா, இந்தச் சனி வெயிலாம், வாறியா?" என்று கேட்பார்.

போகிற இடம்தான் சிக்கல். அக்கா இலை பார்ப்பது ஓல்ஸ்டோர்ஃப் சேமக்காலையில், செத்தவர்களைப் புதைக்கிற இடத்தில்.

சேமக்காலை என்றால் நாங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பெரிய காடு. உள்ளே குளம் இருக்கிறது, வாத்து இருக்கிறது, பஸ்கூட ஓடுகிறது. யேர்மன்காரர் பிளாஸ்கில் கோப்பியோடு வந்து மர வாங்குகளில் உட்கார்ந்து வெயில் காய்வார்கள். அக்காவையும் முதன்முதலில் அங்கே கூட்டிப்போனது கூட வேலை செய்த ஒரு யேர்மன்காரிதான். ஆனால் எங்கள் ஆட்கள் செத்த வீட்டுக்கு மட்டும்தான் அந்த வாசலை மிதிப்பார்கள். திரும்பி வந்ததும் ஒன்றையும் தொடாமல் நேரே குளியலறைக்குள் போவார்கள். கோயில், பூசை, செபமாலை என்று வாழ்கிற கத்தோலிக்கரிடமும் இந்தப் பயம் அப்படியே இருக்கிறது. அக்காவின் கணவர் அருட்பிரகாசம் அண்ணையும் உள்ளே வரமாட்டார். அவர் சோபாவை விட்டு எழும்புவதே அபூர்வம், அது வேறு கதை.

நான் போயிருக்கிறேன். உள்ளே கொஞ்சத் தூரம் நடந்தால் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மேப்பிள் மரம் வரும். பக்கத்து மரங்கள் எல்லாம் சிவப்பும் கபிலமுமாய் நிற்க, இது மட்டும் அடி முதல் நுனி வரை மஞ்சள். கீழே விழுந்த இலைகளும் மஞ்சள். அதற்குள் நின்றால் நிற்கிறவரின் முகத்திலும் மஞ்சள் அடிக்கும். அக்கா அந்த இடத்துக்கு வந்ததும் கதைப்பதை நிறுத்திவிடுவார். நாள் முழுக்க மற்றவர்களின் படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டுகிற மனுசி, அங்கே நின்று மேலே பார்த்துக்கொண்டேயிருப்பார். எனக்குக் கால் விறைத்துப்போகும். அவர் அசையமாட்டார்.

போன ஒக்டோபரில் அவர் தன் மருமகள் சுஜானியைக் கூட்டிக்கொண்டு போனார். சுஜானிக்கு முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம். ஊரிலிருந்து கலியாணம் செய்து வந்தவள், இங்கே தாய் தகப்பன் இல்லை. சத்தியும் தலைச்சுற்றுமாய் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். காற்றுப் பட்டால் நல்லது என்று அக்கா நினைத்தார். நினைத்ததில் என்ன பிழை?

மரத்தின் கீழே சுஜானியை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். தலைமயிரில் ஒரு இலை, கை வயிற்றில், கண் அகலத் திறந்திருக்கிறது. நல்ல படம். அந்தச் சந்தோசத்தில் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

டுசல்டோர்ஃபில் பிளோறன்ஸ் அக்கா இருக்கிறார். சுஜானியின் பெரியம்மா. யார் வீட்டுப் படம் வந்தாலும் இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் பார்த்து, யார் வீட்டுச் சுவரில் தூசி என்று கண்டுபிடிக்கிற ஆள். சுஜானியின் தோளுக்குப் பின்னால், கொடி மூடிய ஒரு கல்லறைக் கல்லையும் அதன் மேல் சிறகு விரித்து நின்ற சம்மனசுச் சிலையையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். இருவரும் வீடு திரும்புகிற எஸ்-பான் ரயிலில் இருக்கும்போதே குரல் செய்தி வந்தது.

"மரியமலர், பிள்ளைத்தாச்சியைச் சேமக்காலைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்ப் படமும் எடுத்திருக்கிறீர். உமக்கு என்ன விசரே? அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

அக்கா பயந்து, "அது பார்க் மாதிரித்தான் அக்கா, உள்ளுக்க பஸ்ஸும் ஓடுது" என்று பதில் போட்டார். பஸ் ஓடுகிறதாம். அந்தப் பதிலைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆறாம் மாத முடிவில் பிள்ளையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது.

நச்சுக்கொடியால் இரத்தம் சரியாகப் போகவில்லை, யாருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்காவின் மகன், சுஜானியின் கணவன் பென்ஜமின் அதைத் தமிழில் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினான். அப்படி விளங்கப்படுத்தியவனே, ஆஸ்பத்திரி நடைபாதையில் தாயைப் பார்த்து ஒன்று சொன்னான். "அம்மா, நீங்கள் அவளை அங்க கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவனுக்கு ஒரு அறை விடலாம் போல இருந்தது. மகனை இழந்து நிற்கிறவனை எப்படி அடிப்பது?

அதற்குப் பிறகு மரியமலர் அக்கா அக்காவாக இல்லை. பிளோறன்ஸ் நாடு முழுக்கப் போன் எடுத்துக் கதையைப் பரப்பிவிட்டார். பூசைக்குப் போனால் பெண்கள் விலகி நிற்பது மாதிரி அக்காவுக்குத் தெரிந்தது. பாவசங்கீர்த்தனம் செய்தார். இதில் பாவமே இல்லை என்று சாமியார் சொன்னார். அக்காவுக்கு ஆறவில்லை.

"சாமியும் டொக்டரும் சொல்லட்டும் றீற்றா. சுஜானி என்ன நினைக்கிறாள்? அவள் என்ர முகத்தைப் பார்க்கிறாளில்லை. அவளும் என்னைத்தான் நினைக்கிறாள் எண்டால் நான் பிறகு ஏன் உயிரோட இருக்கோணும்?"

சுஜானி ஒருவரோடும் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். அக்கா மீன் சொதியும் சோறும் கொண்டுபோய் வைப்பார். தட்டு வெறுமையாகத் திரும்பி வரும், ஒரு சொல் வராது. "கேளுங்கோவன் அக்கா" என்று நான் சொன்னேன். "ஏலாது, ஓம் எண்டிட்டாள் எண்டால்?" என்றார்.

பிள்ளையை எங்கே அடக்கம் செய்வது என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். அதைக் கதைக்க பிளோறன்ஸ் அக்கா ரயில் பிடித்து பென்ஜமின் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியே மற்றக் குழந்தைகளோடு சேர்த்து அடக்கம் செய்யட்டும், தாய் போகத் தேவையில்லை, பார்த்தால் மனம் விட்டுப்போகும் என்று பிளோறன்ஸ் தீர்ப்புச் சொன்னார். பென்ஜமின் தலை குனிந்து இருந்தான். மரியமலர் அக்கா தன் சொந்த மகனின் வீட்டில், கதவோரம், வேலைக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

அறைக் கதவு திறந்தது. சுஜானி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஓல்ஸ்டோர்ஃபில வைப்பம். அந்த மஞ்சள் மரத்துக்குக் கிட்ட இடம் கேளுங்கோ, பென்ஜமின்."

"உனக்கென்ன பிள்ளை, அந்த இடத்தாலதானே..." என்று பிளோறன்ஸ் எழும்பினார்.

"பெரியம்மா, இருங்கோ." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அண்டைக்கு மாமி படம் எடுக்கேக்கதான் பிள்ளை முதல்முதல் அசைஞ்சது. எனக்கு அது என்னெண்டே தெரியேல்லை. படத்தைப் பாருங்கோ, என்ர கண்ணைப் பாருங்கோ. வீட்ட போய் இவருக்கும் மாமிக்கும் ஒண்டாச் சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான். அதுக்குள்ள ரெயினுக்குள்ள உங்கட வொய்ஸ் மெசேஜ் வந்திட்டுது. அங்க வைச்சு அசைஞ்சது எண்டு பிறகு நான் எப்பிடிச் சொல்லுறது? ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிள்ளை வயித்தில இருக்கேக்க நான் சந்தோசமா நிண்ட இடம் அது ஒண்டுதான்."

பிளோறன்ஸ் அக்கா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்க்க அதற்குள் ஒன்றுமில்லை. பென்ஜமின் அழத் தொடங்கினான், சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக.

மரியமலர் அக்கா கதவோரத்திலிருந்து மெல்ல வந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மாமிமார் எல்லாரும் கேட்கிற, அவருக்கு மட்டும் கேட்கக் கிடைக்காமல் போன ஒன்றைக் கேட்டார்.

"எந்தப் பக்கம் பிள்ளை அசைஞ்சது?"

சுஜானி அவருடைய கையைப் பிடித்து, சோப்பு நீரில் வெடித்த அந்தக் கையை, தன் வெறும் வயிற்றின் இடது பக்கத்தில் வைத்தாள்.

"இதில, மாமி."