பனியன் ஊரில் வெயில் க்ரீம் விற்கிறேன்

ஆம்பளைக்கு ஷேவிங் பிளேடு விற்க அரை நிமிஷம் போதும். முகத்துக்குப் பூசுகிற க்ரீம் விற்க, அவன் வெட்கம் தீர்ந்து வாய் திறக்கிற வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். எனக்கோ பொறுமை பிறவியிலேயே கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். அதனால் கடை வைத்திருக்கிற உங்களிடம் சொல்கிறேன்.

திருப்பூர் நெருப்பெரிச்சலில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை தேடுகிற செக்கிங் டேபிளில் நின்றேன். அப்புறம் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து எக்ஸ்போர்ட் மிச்சத்தை விற்றேன். படிப்பு என்று பார்த்தால், ஏமாந்து ஏமாந்து படித்ததுதான். பேரத்தில் என்னை வாயடைக்க வைத்த ஆள் இந்த ரோட்டில் கிடையாது. வாயடைக்க வைத்தது ஆம்பளைகளின் முகம்தான். அந்தக் கதைதான் இது.

முகத்தில் முளைத்த கம்பளி

நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர் வந்து, முகம் காய்ந்து வெடிக்கிறது என்றார். மார்கழிக் காற்று. நானும் பெரிய டப்பாவாக எடுத்து, கெட்டியான க்ரீம் கொடுத்து, "தாராளமாப் பூசுங்க" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். எனக்கு முதலில் ஆள் தெரியவில்லை. நெற்றி, கன்னம், மூக்கு, புருவம் எல்லாம் வெள்ளைப் பூனைமயிர். நிட்டிங் ஹாலில் பறக்கிற பஞ்சு முழுக்க அந்தப் பிசுக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தனை அழகாக, சீராக, நெய்து வைத்த மாதிரி ஒட்டியிருந்தது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பஞ்சுக்குள் வேலை செய்கிறவனுக்குப் பகலில் ஜெல் மாதிரி இருக்கிற மாய்ஸ்சரைசர்தான். பூசினால் தோல் குடித்துவிட வேண்டும், மேலே மினுமினுப்பு நிற்கக் கூடாது. கெட்டியான க்ரீம் குளித்துவிட்டுப் படுக்கப் போகிறபோது. அதைச் சொல்லி வேறு டப்பா மாற்றிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க்கா, க்ரீம் கேட்டா கம்பளிச் சொட்டர் மாட்டி உட்டுட்டீங்களே!"

முப்பதா, ஐம்பதா

கட்டிங் மாஸ்டர் ஒருவர். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்து உருட்டினால் அதன் எடையைச் சொல்கிற ஆள். சன்ஸ்கிரீன் கேட்டார். எஸ்பிஎஃப் ஐம்பது எடுத்து வைத்தேன். ஒரு சொட்டு வாங்கி அதே மாதிரி உருட்டிப் பார்த்துவிட்டு, "அம்பது வேண்டாமுங்க, மெலிசா இருக்கும், வெயில் உள்ள பூந்துரும். முப்பது குடுங்க, நல்லா கனமா நிக்கட்டும்" என்றார். நான் கத்த ஆரம்பித்தேன். பாதிக் கத்தலில்தான் உறைத்தது. நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலியும். வாழ்நாள் முழுக்க நூலோடு கிடந்த மனுஷனுக்கு எந்த நம்பரும் அப்படித்தான் தெரியும்.

குரலைக் கீழே இறக்கி விளக்கினேன். இதில் நம்பர் ஏறினால் காவல் கொஞ்சம் ஏறும், ஆனால் ஐம்பது முப்பதைப் போல இரண்டு மடங்கு இல்லை. நம்பரைவிட அளவுதான் முக்கியம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து, காது எல்லாம் பூச வேண்டும். வெளியே கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னாடியே பூச வேண்டும். வேர்த்துத் துடைத்தால் மறுபடி பூச வேண்டும். கடுகளவு தொட்டு வைத்தால் எந்த நம்பரும் வேலை செய்யாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஐம்பதையே வாங்கினார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்று கேட்டார்: "எல்லாம் செரிங்க, மூஞ்சிக்கு மட்டும் கணக்கத் தலைகீழாப் போட்டவன் எவனுங்க?"

கர்ச்சீஃப் கட்டிய ஆள்

செல்வம் தென்காசிப் பக்கத்துப் பையன். பையன் என்கிறேன், கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. பக்கத்துக் கம்பெனியில் வேலை. வெட்டின பீஸ்களை மொபெட்டில் கட்டிப் பிரிண்டிங்குக்குக் கொண்டுபோய், பிரிண்ட் ஆனதைத் திரும்பக் கொண்டுவருவது. திருப்பூரில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பின்னால் ஒரு மூட்டை, முன்னால் கால் வைக்கிற இடத்திலிருந்து கழுத்து வரைக்கும் அடுக்கின கட்டு, அது சரியாமல் மேலே தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு முகம் போகும். அந்த முகங்களில் ஒன்று செல்வத்தினுடையது.

கடைக்குள் வந்து கர்ச்சீஃபை அவிழ்த்தான். கன்னம் இரண்டும் சிவந்து, பொரிப் பொரியாகக் கிளம்பி, மூக்குக்கு மேல் மங்கு படர்ந்திருந்தது. நான் ஒரு அடி பின்னால் போய்விட்டேன். வெயில் சேரவில்லை என்று தோல் டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் சன்ஸ்கிரீன் பூசு, இல்லாவிட்டால் இந்த வேலையை விடு என்று எழுதாத குறை. கர்ச்சீஃப் கட்டினால் வேர்த்து இன்னும் மோசமாகிறதாம். வேலையை விட்டால் கம்பெனி கொடுத்த லைன் வீட்டையும் விட வேண்டும். இருப்பதிலேயே லேசான, பூசினதே தெரியாத ஜெல்லை எடுத்துக் கொடுத்தேன். செல்வம் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யக்கா, பூசுன மாதிரியே தெரியலயே. இத வச்சே பொழச்சிக்கிடுவேன்."

தாடையின் தடம்

கொஞ்ச நாள் கழித்து, அந்தக் கம்பெனியின் குவாலிட்டி இன்சார்ஜ் ரங்கசாமி கடைக்குள் வந்தார். கையில் குழந்தைகளுக்கான வெள்ளை பனியன்கள். ஒவ்வொன்றாகக் கவுண்டரில் பரப்பினார். நெஞ்சுப் பக்கத்தில், துருப்பிடித்த ஆணியை வைத்து எடுத்த மாதிரி ஆரஞ்சுக் கறை. சிலதில் அரை வட்டமாக, அப்படியே ஒரு தாடை. தைக்கிறபோது இல்லை, செக்கிங்கில் இல்லை. வாஷிங் போட்டு எடுத்த பிறகுதான் பூத்திருக்கிறது. பிரிண்டிங்கைத் திட்டி, வாஷிங்கைத் திட்டி, கடைசியில் கறை விழுந்ததெல்லாம் கட்டின் மேல் பீஸ்கள் என்று கண்டுபிடித்து, அது செல்வத்தின் தாடையில் போய் நின்றிருக்கிறது.

"என் கடை க்ரீம்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று எகிறினேன். கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. கட்டின் மேல் பிளாஸ்டிக் கவர் போடச் சொல்லுங்கள் என்றேன். போட்டுப் பார்த்தாராம், வழுக்கிச் சரிந்து நடுரோட்டில் விழுந்ததாம். சனிக்கிழமை சம்பளத்தோடு செல்வத்தை நிறுத்தப் போவதாகச் சொன்னார். எனக்கு வாய் ஓடிக்கொண்டிருந்தாலும் கண் அந்தக் கறையை விட்டு நகரவில்லை. கண்ணுக்கே தெரியாமல் பூசின ஒன்று, இத்தனை கை தாண்டி, தண்ணீரில் நனைந்ததும் எழுந்து வந்து ஆளைக் காட்டிக் கொடுக்கிறதே! கத்துவதை நிறுத்திவிட்டுப் பேரத்தில் இறங்கினேன். சனிக்கிழமைக்குள் கறை விழாத க்ரீம் கொண்டுவருகிறேன். விழுந்தால் இந்தக் கடையில் இனிமேல் சன்ஸ்கிரீனே விற்க மாட்டேன். ரங்கசாமி பனியன்களை மடித்துக்கொண்டே சொன்னார்: "வாய்ல சொல்லாதீங்க்கா, வெள்ளைத் துணில காட்டுங்க."

மொட்டை மாடிப் பரீட்சை

எனக்குச் சரக்கு போடுகிறவன் ஜாபர். சண்டை போட்டுப் போட்டே சிநேகமானவன். போனில் நான் கத்தின கத்தலுக்கு, வண்டியில் இருந்த சன்ஸ்கிரீன் அத்தனையிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். வெள்ளைக் கட்டிங் வேஸ்ட்டைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு க்ரீமைத் தேய்த்து, ஓரத்தில் ஒவ்வொரு கலர் நூல் கட்டி, எங்கள் போர் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்தோம். பக்கெட்டையே செம்பட்டையாக்குகிற தண்ணீர் அது. சாயம் போகிறதா என்று துணியைச் சோதிக்கிற ஊர் இது; நாங்கள் க்ரீமை அப்படிச் சோதித்தோம்.

மாடியில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தோம். முதலில் எல்லாம் வெள்ளை. அப்புறம் ஒரு துண்டு லேசாக மஞ்சளித்தது. பக்கத்துத் துண்டு ஆரஞ்சு. என் லேசான ஜெல்தான் எல்லாவற்றையும்விடப் பிரமாதமாகப் பூத்தது. நானும் ஜாபரும் சண்டையை மறந்து, வாணவேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தான். கறை விழுந்த எல்லாவற்றிலும் அவோபென்சோன் என்று ஒரே பெயர் இருந்தது. அதற்கும் தண்ணீரில் இருக்கிற இரும்புக்கும் ஆகாது போலிருக்கிறது. ஒரே ஒரு துண்டு கடைசி வரைக்கும் வெள்ளையாகவே நின்றது. அதில் வெயிலைத் தடுப்பது வெறும் ஜிங்க் ஆக்சைடு. குழந்தைகளுக்கும் சீக்கிரம் சிவக்கிற தோலுக்கும் என்று போட்டிருந்தது. நான் துள்ளிக் குதிக்க, ஜாபர் ஒரு சொட்டைத் தன் கையில் தேய்த்துக் காட்டினான். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. "அக்கா, ஜெயிச்சது இதுதான். ஆனா இதைப் பூசிட்டு ரோட்ல போறதுக்கு மனுஷனுக்குத் தனியா ஒரு தைரியம் வேணும்."

சாம்பல் முகம்

செல்வம் கறுப்பு. நல்ல, தீர்மானமான கறுப்பு. அந்த முகத்தில் ஜிங்க் க்ரீமைப் பூசினால், சாம்பலில் புரண்டு எழுந்த மாதிரி ஆகிவிட்டது. நான் சொன்ன அளவைவிடத் துளிகூடக் குறைக்காமல், கழுத்து, காது எல்லாம் பூசிக்கொண்டு நின்றான். கொஞ்சம் தேய்த்து மெல்லிசாக்கிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. தேய்த்துத் தேய்த்துக் குறைத்தால் காவலும் குறையும், மறுபடி பொரிப் பொரியாகக் கிளம்பும். விழுங்கிவிட்டேன்.

கட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை முன்னால் நின்ற நேரம் பார்த்து, கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் முழுக்கப் பெண்கள். ஒருத்தி கையை நீட்டி, "ஏனுங்ண்ணா, மாவு மில்லுல உழுந்துட்டீங்ளா?" என்றாள். வேனே அதிர்ந்து சிரித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கீழே கிடந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். செல்வம் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். ஊரே பார்க்க அந்த முகத்தை அப்படியே வேன் பக்கம் திருப்பினான். வெட்கமோ கோபமோ கிடையாது. க்ரீம் டப்பாவைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துப் போகிற ஆம்பளைகளையே பார்த்துப் பழகின என் கண்ணுக்கு, அவன் அங்கே ஒரு தேர் மாதிரி நின்றான். கட்டின் மேல் தாடையை வைத்து, மொபெட்டை முறுக்கிக்கொண்டே சொன்னான்: "ஆமா தாயி, பாதிதான் அரைச்சிருக்கு. மீதிய நாளைக்கு அரைக்கணும்!"

சனிக்கிழமை

ரங்கசாமி செல்வத்தைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து புது வெள்ளைத் துணியை எடுத்தார். கறுப்பு ஒரு துண்டும் எடுத்தார். செல்வத்தின் தாடையில் வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தார். நனைத்து மறுபடி தேய்த்தார். செல்வம் தடுப்பூசி போட வந்த பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அதை எங்கள் பக்கெட் தண்ணீரிலேயே துவைத்து, ஷட்டர் கம்பியில் மாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரத்தில் வாடிக்கை வந்தவர்களை நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று எனக்கே நினைவில்லை. துணி காய்ந்தது. ரங்கசாமி அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். பளிச்சென்று வெள்ளை. அப்படி ஒரு வெள்ளையை செக்கிங் டேபிளில் நின்ற காலத்தில்கூட நான் பார்த்ததில்லை.

விடுவாரா? அடுத்து அந்தக் கறுப்புத் துண்டை எடுத்துச் செல்வத்தின் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். கரும்பலகையில் சாக்பீஸ் போட்ட மாதிரி நீளமாக ஒரு கோடு. செல்வத்தின் கை தானாகவே சட்டைப் பையில் கிடந்த லைன் வீட்டுச் சாவியைத் தொட்டது. ரங்கசாமி அந்தக் கோட்டைப் பார்த்தார், அவன் கன்னத்தைப் பார்த்தார். பொரிப் பொரியாக இருந்ததெல்லாம் அடங்கத் தொடங்கியிருந்தது. கறுப்புத் துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இனி வெள்ளைக் கட்டு அத்தனையும் நீயே எடுத்துட்டுப் போ கண்ணு, கறுப்புக்கு, க்ரீம் என்ன, மூஞ்சியே கழுவாத வேற எவனையாவது பாத்துக்கறேன்."

திருப்பூரில் ஆம்பளை முகத்தை நின்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது, அது பனியன் மேல் படுகிற வரைக்கும்.