கேன்டீன் கூரையின் ஆயுசு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பழைய தொழிற்சாலை. அதன் கேன்டீன் கூரையிலிருந்து ஒரு நாள் கையளவு கான்கிரீட் பெயர்ந்து காலி மேஜை மேல் விழுந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி பல்லை இளித்தது. கட்டடத்தை இடித்துவிடலாம் என்றார் மேலாளர். அதற்கு முன் பார்த்துச் சொல்ல, கான்கிரீட் பழுது பார்க்கும் எங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். நான் தனியாகப் போன முதல் வேலை அது.

ஆரம்பாக்கத்திலிருந்து வரும் சமையல்கார அக்கா கரண்டியோடு வந்து நின்றார். "இன்னாம்மா, இட்சிட்டா நாங்க எங்க போய் ஆக்கறது? வெயில்லயா?"

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்று ஏணியில் ஏறினேன்.

கூரையில் அங்கங்கே துளை போட்டு, சோதனைத் திரவத்தைப் பீய்ச்ச வேண்டும். காற்று புகுந்து சாரம் போன கான்கிரீட் நிறம் மாறாது. நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாகும். அதற்குள் இருக்கும் கம்பி லேசில் துருப்பிடிக்காது. முதல் துளையில் பீய்ச்சினேன். வெளிப்பக்கம் கொஞ்சம் வெளுப்பு, உள்ளே பளிச்சென்று ரோஸ்! கம்பி அதற்குள் பத்திரமாக இருந்தது. அடுத்த துளையிலும் அப்படியே. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆரத்தி கணக்கா செவக்குதே!" என்றார் அக்கா.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். "அக்கா, கொஞ்சம் மஞ்சத் தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினேன். தெளித்தோம், அதுவும் சிவந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஓடிவந்து கைதட்டினார்கள். என்ன சத்தம் என்று எட்டிப்பார்த்த மேலாளரின் வெள்ளைச் சட்டையிலும் மஞ்சள் தெறித்தது.

"சாருக்குக் கல்யாணக் களை வந்துட்சு!" என்றார் அக்கா. மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கான்கிரீட் பெயர்ந்து விழுந்த கை கழுவும் மூலையில் மட்டும் நிறமே வரவில்லை. ஈரத்தில் கம்பி அரித்திருந்தது. அங்கே கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, கம்பிக்குப் பூச்சு பூசி, புதுக்கலவை வைத்து அடைத்தால் போதும். மற்ற இடங்களில் வெளுப்பு எவ்வளவு ஆழம், கட்டி எத்தனை வருஷம், கம்பியைத் தொட இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். இருபத்தைந்து வருஷம் தாராளமாகத் தாங்கும். நம்பாமல் மறுபடியும் போட்டேன். அதேதான் வந்தது.

"அவ்ளோ நாளு என் முட்டியே தாங்காதும்மா!" என்றார் அக்கா.

இடிக்கிற பேச்சு அன்றோடு போயிற்று. பழுது பார்த்து முடித்த அன்று, அந்த மூலையிலேயே மேஜை போட்டு எனக்கு நாஷ்டா. போதும் என்று சொல்லும்போதே தட்டில் இன்னொரு வடை விழுந்தது.

திரும்பும் ரயிலில் அம்மாவுக்குப் போன் போட்டேன். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா! நானே பாத்துச் சொல்லிட்டேன்!"

எதிர் சீட் அம்மா கவலையாகக் குனிந்தார். "யாருக்கும்மா, ஊட்டுக்காரருக்கா?"

"இல்லம்மா, கேன்டீனுக்கு."

அவர் மெல்ல ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் சென்ட்ரல் வரை சிரித்துக்கொண்டே போனேன்.