பத்துக்குப் பத்து

மூளைக் கட்டிக்குக் கதிர் சிகிச்சை முடிந்து மூன்று மாதமான ஒருவர் பத்து வார்த்தைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அப்போது நான் ரேடியோதெரபி பிரிவில் வேலை பார்த்தேன்; ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் என்னை விடவில்லை.

சரவணன், மலேசியாவில் குருண் என்ற ஊரில் ஒரு ஃபாக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். தலை முழுக்கக் கதிர் கொடுத்தால் ஞாபகத்தைப் பாதிக்கலாம். அதனால் ஞாபகத்தைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் கதிர் குறைவாகப் படுகிற மாதிரி பிளான் போட்டிருந்தோம். அது பலித்ததா என்று பார்க்கத்தான் டெஸ்ட். பத்து வார்த்தைகளை வாசித்துக் காட்டி, இருபது நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்போம். சிகிச்சைக்கு முன்னால் ஏழு சொன்னவர், இப்போது பத்து.

மலாயிலும் ஆங்கிலத்திலும் அந்த வார்த்தைகள் உள்ள தாள் பல வகை உண்டு. தமிழில் ஒன்றே ஒன்று, நானே எழுதியது. எல்லாத் தடவையும் அதே பத்து வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தேவியின் உதடும் கூடவே அசைந்ததைப் பார்த்துவிட்டேன்.

தாளைத் திருப்பிப் புதிதாகப் பத்து எழுதி வாசித்தேன். இருபது நிமிஷம் கழித்து, "குடை..." என்றவர் அதற்கு மேல் வராமல் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டுல நாந்தான் சொல்லிக் குடுத்தேன்க்கா. பெயிலானா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு பயம்."

சரவணனுக்குக் கோபம். "ஒவ்வொன்னா எழுதி வைக்கிறீங்களே, அது யாருக்குப் போவுது? யாராச்சும் சொன்னீங்களா?"

"ஃபாக்டரிக்கு நாங்க ஒன்னும் அனுப்பமாட்டோம், தம்பி."

உண்மைதான். ஆனால் புது மார்க்கைப் பார்த்த டாக்டர் ஞாபகப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

"பாத்தீங்களா?" என்றார் சரவணன்.

அவரைச் சந்தேகப்பட்டேனே தவிர, என் ஒற்றைத் தாளைச் சந்தேகப்படவில்லை. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இதை யார் பார்ப்பார், மார்க் குறைந்தால் என்ன ஆகலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். தாளைப் பிறகு எடுங்கள்.

அடுத்த முறை வந்தபோது ஃபாக்டரியில் அவரை ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள். அதில் அவருக்கு மனமே இல்லை. தேவியை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாக வந்தார். புதிய தாள், புதிய வார்த்தைகள். வெகுநேரம் யோசித்தார்.

"நாலுதான்க்கா வருது," என்றார். "எழுதிக்குங்க லா."