சுரம் இறங்கிய பின் வந்த பசி

முதலில் தலைவலிதான். திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தேன். முறம் கையில் நிற்கவில்லை. வெயில் என்று நினைத்தேன். கூலிக்காரிக்கு வெயிலைத் தவிர வேறு நோய் வரக்கூடாது என்பது மில்காரர் சட்டம்.

சுரம் நாளுக்கு நாள் ஏறியது. என் வீட்டுக்காரர் என்னை ரயிலில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் விஷ சுரம்) என்றார். யுத்த காலம் அது. இந்தச் சுரத்துக்கென்று மருந்து கிடையாது. உடம்பை ஈரத்துணியால் துடைப்பார்கள். பார்லித் தண்ணீரும் மோர்த் தெளிவும் கொடுப்பார்கள். மீதியை உடம்பேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுரத்தில் பிதற்றினேனாம். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் நினைவில்லை. நான் எழுதுவது சுரம் இறங்கிய பிறகு வரும் நாட்களைப் பற்றி. உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிக் கிடந்தால், பிழைத்துவிட்டார் என்று கை கழுவாதீர்கள். அப்போதுதான் சாகிறார்கள்.

சுரம் போனதும் பசி வந்தது. அதற்கு முன் எனக்குத் தெரிந்த பசியெல்லாம் பசியே இல்லை.

"குடல் இப்ப நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "கெட்டியா ஒரு வாய் போனாலும் கிழிஞ்சிடும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நான் சொல்றவரைக்கும் தண்ணி ஆகாரம்தான். புரியுதா?"

"புரியுதுங்க" என்றேன். வயிற்றுக்குப் புரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒலக்கூர்ப் பெண் ஒருத்தி. அவளுக்கும் இதே சுரம். அவள் வீட்டார் மறைத்து எடுத்துவந்து சோறு ஊட்டினார்கள். மறுநாள் அவள் வயிறு பலகைபோல் இறுகியது. பெரிடோனைடிஸ் (குடல் ஓட்டையாகி வயிற்றுக்குள் சீழ் பரவுவது). சாயங்காலம் கட்டிலைக் கழுவிவிட்டார்கள்.

அந்த வீட்டார் கெட்டவர்கள் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிழைக்கமாட்டார் என்று தோன்றினால், கேட்டதைக் கொடுத்துவிடுவோம். ஆசையோடு போனால் அந்த ஆசை வீட்டைச் சுற்றிவரும் என்று பயம்.

என் வீட்டுக்காரர் பௌத்த சங்கத்துக்காரர். எங்கள் சேரியில் சில குடும்பங்கள் அப்படி. நானும் சங்கத்துப் பள்ளியில்தான் எழுத்துப் படித்தேன். பௌர்ணமியன்று சீல விரதம் எடுத்தவர்கள் நடுப்பகலுக்கு மேல் சாப்பிடமாட்டார்கள். நான் எடுத்ததில்லை. மில்காரரும் நிலத்துக்காரரும் எங்களை வருஷம் முழுக்க அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், தனியாக ஒரு பௌர்ணமி எதற்கு என்று அவரோடு சண்டை போடுவேன்.

அவர் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார்: "பசிய சும்மா பாரு. வருது, இருக்குது, போவுது. அவ்ளோதான்."

"நீ துன்னுட்டியா?"

"ம்."

"இன்னா துன்ன?"

"களி. கருவாட்டுக் கொழம்பு."

"வயித்த ரொப்பிக்கினு வந்து எனக்குத் தம்மம் சொல்றியா? எழுந்து போய்யா."

அவர் போனதும், அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் பார்க்க ஆரம்பித்தேன். பசி விலாவுக்குக் கீழே கிளம்பியது. தாடை இறுகியது. வாயில் நீர் ஊறியது. இனி தாங்காது என்ற இடத்தில் நின்றது. பிறகு தானாகச் சரிந்தது. திரும்ப வந்தது. திரும்பச் சரிந்தது. பொய் இல்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் அம்மா திண்டிவனத்திலிருந்து வந்தாள். முந்தானைக்குள் ஒரு தூக்குவாளி. கேப்பைக் களி.

"வாயத் தொற. நர்சம்மா வர்றதுக்குள்ள ஜல்தியா முழுங்கு."

"பக்கத்துக் கட்டில் பொண்ணு துன்னுதாம்மா செத்துது."

"பட்டினி போட்டே உன்ன கொல்றாங்கடி. எலும்புங்கூடா கீற. போறதுதான் போற, ஆசப்பட்டத..." பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நான் சாவப்போறேன்னு முடிவு பண்ணிக்கினுதான் வந்தியா?"

அம்மா தூக்கின் மூடியைத் திறந்தாள். என் கை தானாகத் தூக்குக்குள் போயிருந்தது. களி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு உருண்டை கிள்ளிவிட்டேன். கை பாதி தூரம் வந்தது. பசி விலாவுக்குக் கீழே கிளம்பியது தெரிந்தது. தாடை இறுகியதும் தெரிந்தது. கையை அங்கேயே நிறுத்தினேன். அப்போதுதான் அம்மாவின் உதட்டைப் பார்த்தேன். காய்ந்து வெடித்திருந்தது.

"நீ துன்னியா?"

"எனக்கு இன்னாடி இப்ப?"

உருண்டையை அவள் வாயில் வைத்தேன். "சாவறவ கேட்டா குடுக்கணும்ல? எனக்கு நீ துன்றதப் பாக்கணும்னு ஆச. துன்னு."

"பேஜாரு புடிச்சவளே" என்று திட்டிக்கொண்டே தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். தூக்கு காலியாகும்வரை ஊட்டினேன்.

என் பசி போகவில்லை. பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதுவரை என் கையில் ஒருவருக்குக் கொடுக்க மிச்சம் என்று எதுவும் இருந்ததில்லை. அன்று ஒரு தூக்கு நிறைய இருந்தது. புத்தர் சொன்ன தானம் பணக்காரர் விஷயம் என்று நினைத்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு, ஏழைக்கு மனநிறைவு போதும், கூலி எதற்கு என்று எவராவது வந்தால் செருப்பாலடிப்பேன். முழுக்கூலி கொடுங்கள். நிறைவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பல நாள் கழித்து டாக்டரம்மா குழையப் பிசைந்த சோறு கொடுக்கச் சொன்னார். சில வாய் மென்றேன். ஓர் இடத்தில் கை நின்றது. போதும் என்றேன். நான் பிறந்த வீட்டிலும் சரி, வாழ வந்த வீட்டிலும் சரி, அந்தச் சொல்லைப் பானைதான் சொல்லும். காலியாகிவிட்டது, போதும் என்று. தட்டில் சோறு இருக்கும்போது என் உடம்பு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தலைமயிர் கொட்டிவிட்டது. முறம் இன்னும் கனக்கிறது. ஒரு வேளைச் சோற்றுக்கும் மறு வேளைச் சோற்றுக்கும் நடுவே இருக்கும் நேரத்தை வெறும் காத்திருப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த நேரத்தில்தான் வாழ்கிறேன்.