வீணை வாசித்த அம்மாக்கள்

அச்சாகிச் சூடாக வெளியே வரும் தாளின் வாசனை இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும். மேற்கு மாம்பலத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் சந்தில் இருந்த "பிரவுசிங் சென்டர்" முழுக்க அந்த வாசனைதான். பள்ளியில் கட்டுரை எழுதிவரச் சொன்னால் எங்கள் எட்டாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் அங்கே போய்த் தலைப்பைச் சொல்வார்கள். கடைக்காரர் கணினியில் தேடி அச்சடித்துக் கொடுப்பார். அதைப் பார்த்துத் தங்கள் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள்.

ஒருமுறை தலைப்பு 'என் அம்மா'. அதற்குமா கடைக்குப் போவார்கள்? போனார்கள். பெற்றோர் கூட்டத்தன்று தமிழ் மிஸ் எல்லாக் கட்டுரைகளையும் பலகையில் குத்தி வைத்திருந்தார். வரிசையாக அம்மாக்கள் வைகறையில் எழுந்து, குத்துவிளக்கேற்றி, மாலையில் வீணை வாசித்தார்கள். எங்கள் வீட்டில் கடைக்கு அனுப்பாததால் என் அம்மா மட்டும் தண்ணீர் லாரிக்காகத் தெருவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மதிப்பெண் குறைவு.

என் பக்கத்தில் உட்காரும் கல்பனாவின் அம்மா சைதாப்பேட்டையிலிருந்து வந்திருந்தார். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை; உட்கார விடமாட்டார்கள். மகளின் கட்டுரையை எழுத்துக்கூட்டிப் படித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"இது யாருடி?"

"நீதாம்மா."

"நான் எப்போ வீணை வாசிச்சேன்? நாள் பூரா நின்னுக்கினே கீறேனே, அதை எங்க எழுதிக்கீற?"

கல்பனா தலையைக் குனிந்துகொண்டு, "அப்டி எழுதினா மிஸ் மார்க் போட மாட்டாங்கம்மா" என்றாள்.

பிள்ளை அழகாகத்தானே எழுதியிருக்கிறாள் என்றார் மிஸ், சிரித்துக்கொண்டே. அந்த அம்மா தாளைப் பலகையிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்.

மறுநாள் கல்பனா வேறொன்று எழுதி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா வீங்கிய கால்களைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்துக்கொள்வதும், அப்படியே பேசிக்கொண்டே தூங்கிப்போவதும் அதில் இருந்தன. மிஸ் படித்துவிட்டு, 'கருத்து போதாது' என்று சிவப்பு மையில் எழுதினார். பள்ளி ஆண்டுமலரில் வந்தது வீணை அம்மாதான், வேறொரு பெண்ணின் பெயரில். அதற்குப் பிறகு கல்பனா பழையபடி கடைக்கே போனாள். அவளை என்ன சொல்லித் தடுப்பது?

இப்போது அடையாறில் ஒரு கல்லூரியில் நானே கட்டுரை திருத்துகிறேன். மாம்பலத்தில் அந்த பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. ஏ.ஐ. செயலிக்குத் தலைப்பை அனுப்பினால் முழுக் கட்டுரையும் கைப்பேசிக்கே வந்துவிடுவதால், பார்த்து எழுதும் வேலைகூட இல்லை. போன வாரம் ஒரு மாணவனைக் கூப்பிட்டு, இதை நீயா எழுதினாய் என்று கேட்டேன்.

"ஏன் மேம், தப்பு எதுனா இருக்கா?"

ஒரு சந்திப்பிழைகூட இல்லை. அப்போதெல்லாம் பார்த்து எழுதினாலும் அங்கங்கே பிழை விழும், அதை வைத்தாவது எந்தப் பிள்ளையின் கை என்று சொல்லிவிடலாம்; இப்போது அந்தப் பிழைகளும் போய்விட்டன.