டெல்லிக்குப் போன மனு

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருந்தேன். பிறந்த ஊர் புன்னைக்காயல். அங்கே கடற்கரையில் வலை கிழிந்ததைப் பற்றி வந்த சண்டையில், என் தம்பி துடுப்பை எடுத்து ஓர் அடி அடித்துவிட்டான். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொலைக்குற்றம் என்று தம்பிக்கு ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டும் அதையே உறுதி செய்துவிட்டது.

இனி சுப்ரீம் கோர்ட்தான் என்றார் வக்கீல். ஆனால் அங்கே நேராக அப்பீல் செய்ய முடியாதாம். அப்பீல் செய்ய அனுமதி கேட்டு முதலில் மனுப் போட வேண்டும். தம்பி கையெழுத்துப் போட்டால் பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்தே அனுப்பிவிடுவார்கள் என்றார்.

தம்பி மாட்டேன் என்றுவிட்டான்.

"வெளிய வந்து செத்தவரோட பிள்ளைங்க மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்? இங்கனயே கெடக்கேன்."

அழுதும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அசையவில்லை. மனுவுக்கான கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது இறந்தவரின் மனைவி என்னை நோக்கி வந்தாள். ஜெயிலுக்கு என்றைக்குப் போகிறாய் என்று மட்டும் கேட்டாள். தம்பி மறுத்தது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது.

அடுத்த முறை என்னோடு பஸ் ஏறினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவளைக் கண்டதும் தம்பி தலையைத் தொங்கப்போட்டான்.

"ஏலே, நிமிந்து பாரு. எம் புருசன் போனது எனக்கு ஆறாது. ஆனா நீ கொல்லணும்னு அடிக்கல. பக்கத்துல நின்னு பாத்தவ நான். கோர்ட்லயும் அதத்தான் சொன்னேன். நீ கையெழுத்தப் போடு."

கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகையில் காவலரே கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டான்.

அனுமதி கிடைத்தது. அவனுக்காக வாதாட டெல்லியில் கோர்ட்டே ஒரு வக்கீலை நியமித்தது. கொல்லும் எண்ணம் இருக்கவில்லை என்று சொல்லி தண்டனையைக் குறைத்தார்கள். சில வருடங்களில் தம்பி வீடு வந்து சேர்ந்தான்.

அதற்குப் பிறகு அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவனும் ஒதுங்கி வழிவிடுவான். மன்னித்துவிட்டாயா என்று நான் அவளைக் கேட்டதே இல்லை. மன்னிக்க முடியாதவனுக்கும் ஒரு மனுஷியால் நியாயம் செய்ய முடியும் என்பதை, அவளை நினைத்துத்தான் இன்றும் நம்புகிறேன்.