காத்தாயி சொன்ன குடி

நெல் அவியும் வாசனை எங்கிருந்தாவது வந்தால் நான் நின்றுவிடுவேன். பஸ் போகட்டும், மழை வரட்டும், நிற்பேன். ஈரமும் புகையும் உமிச்சூடும் கலந்த அந்த வாசனைக்குள் எங்கள் வாவிக்கரை வீடு அப்படியே இருக்கிறது. விடியுமுன் தண்ணீரின் மேல் படுத்துக் கிடக்கும் பனி. எங்கோ ஒரு மீன் துள்ளி விழும் சத்தம். பின்வளவில் மூன்று கல்லின் மேல் செப்புக் கிடாரம். அதன் கீழே உமியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு காத்தாயி. அந்த வாசனையில் எனக்கு எப்போதும் எட்டு வயது. அவளுக்குப் பதினொன்று.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உறவுமுறை இருந்தது. அம்மா, அப்பா, அண்ணன், விடுமுறைக்கு வந்துபோகும் மாமி. காத்தாயிக்கு மட்டும் வெறும் பெயர். மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாக அவளுடைய தாயிடம் சொல்லி, ஒரு தரகர் அவளைக் கூட்டிவந்து எங்களிடம் விட்டுப் போனார். அப்போது அவளுக்கு ஒன்பது. பள்ளிக்கூடம் போனது நான். வாசல் படலை வரை என் பையைத் தூக்கி வந்தது அவள்.

அம்மா கொடுமைக்காரி இல்லை. நாங்கள் தின்றதையே அவளும் தின்றாள், கொஞ்சம் பிந்தி. கிடாரத்திலிருந்து சுடுநெல் அள்ளும்போது கொதிநீர் சரிந்து அவளது இடது கை முழங்கை வரை வெந்துபோனது. அம்மா தேன் தடவினாள், அழுதாள், கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். அடுத்த அவியலுக்கும் அவளைத்தான் எழுப்பினாள்.

அப்பா வாத்தியார். ஒரு காலை பத்திரிகையை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்திருப்பது குற்றமாம். தோட்டப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தரகர்களைப் பிடிக்கப் போகிறார்களாம். வீடு வீடாக உத்தியோகத்தர் வருவாராம்.

"அருமையான சட்டம்! இப்பிடி உலுப்பினாத்தான் நாடு திருந்தும்" என்றார் அப்பா, காத்தாயி நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டே.

பத்துப் பதினைந்து நாளில் ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "மாஸ்டர், நாளைக்கு நன்னடத்தைக் கந்தோர் ஐயா நம்மட ஊருக்கு வாறார். வேலைக்கு நிக்கிற புள்ளையளைத்தான் விசாரிக்கிறாராம். புடிச்சா வழக்கு. மறுகா என்னில குறை சொல்லப்படா."

அப்பா பத்திரிகையைத் தேடி எடுத்து அந்தச் செய்தியை மறுபடி வாசித்தார். இந்தமுறை மனதுக்குள்.

வழி கண்டுபிடித்தது அம்மா. சித்தாண்டி மாமிக்கு ஏழு பிள்ளைகள். அவர்களை யார் எண்ணப் போகிறார்கள்? இவளை மாமியின் மகள் என்று சொல்லிவிடுவது. அப்படி ஒரே பின்னேரத்தில் காத்தாயி எனக்கு மச்சாள் ஆனாள். பேர் கமலா. எனக்கு வளரப் பார்த்துப் பெரிதாகத் தைத்த நீளக்கைச் சட்டை அவளுக்கு வந்தது. கை நீளமாயிருந்தால்தான் வடு தெரியாது. அம்மாவே எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் பின்னி, ரிப்பன் கட்டினாள்.

"'ஆமாங்க' எண்டு வாயத் துறந்தயோ, எல்லாம் போச்சு. 'ஓம்' எண்டு சொல்லு. கேட்டயாகா?"

"ஓம்" என்றாள் காத்தாயி, எங்கள் ஊர்க்காரியைப் போலவே.

மீதியைப் படிப்பிக்கும் பொறுப்பு எனக்கு. வாவி ஓரத்துப் பூவரசின் கீழ் நான் வாத்தியார், அவள் மாணவி. வாழ்நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் அதுதான். பேர், ஊர், தாய் பேர் எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். பிறகு குடி. எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அது. பிள்ளைக்கு வருவது தாயின் குடி. ஒரே குடிக்காரர் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம், தங்களுக்குள் கலியாணம் கட்டக் கூடாது. குடிகளின் பெயர்களை இங்கே நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது முறை சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

நான் என் குடியைச் சொல்லிக் கொடுத்தேன். காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ பாப்பா, மாமி யாரு? ஐயாவோட அக்கா. அப்ப மாமி மகளுக்கு ஐயாவோட குடிதானே வரும்? ஒங்க குடி அம்மா வழியில வந்ததில்ல? அதச் சொன்னா ஐயாவும் அம்மாவும் அண்ணன் தங்கச்சி ஆயிருவாங்களே!"

இரண்டு வருடமாகத் திருவிழாவில் குடிகுடியாய்க் கூவி அழைத்துப் பிரசாதம் கொடுக்கும்போதெல்லாம், அவள் எங்கள் தட்டோடு தூணருகே நின்றவள். எனக்கு விளங்காததெல்லாம் அவளுக்கு விளங்கியிருந்தது. அப்பாவின் குடிப்பெயரைப் பத்துத்தரம் சொல்லிக் காட்டினாள். ஒருதரம்கூடப் பிசகவில்லை.

மறுநாள் நன்னடத்தை அலுவலகத்து ஐயா வந்தார். சைக்கிள் சங்கிலியில் படாமல் காற்சட்டையைக் கிளிப்பால் இறுக்கிய, எங்கள் பக்கத்து மனிதர். இளநீர் குடித்தார். விதானையார் பக்கத்தில் நின்றார். காத்தாயி பேர் சொன்னாள், ஊர் சொன்னாள், மாமியின் பேர் சொன்னாள். எல்லாம் முத்து முத்தாய். ஐயா குறிப்புப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எழும்பும்போது, சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல, ஐயா அவள் தலையைத் தடவிக் கேட்டார்:

"என்ன குடி மனே?"

காத்தாயி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அப்பாவின் குடியை அல்ல, என் குடியைச் சொன்னாள். விதானையார் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஒள்ளுப்பம் யோசிச்சுச் சொல்லு மனே."

திரும்பவும் அதையே சொன்னாள், இன்னும் தெளிவாக.

ஐயா மெல்ல மறுபடி உட்கார்ந்தார். "மாஸ்டர், உங்கட பெண்சாதி என்ன குடி?"

அம்மாவின் குடி விதானையாருக்கே தெரியும். மறைக்க முடியாது. அப்பா சொன்னார்.

"அப்ப உங்கட அக்காவும் அந்தக் குடி, நீங்களும் அந்தக் குடி. சொந்தக் குடிக்குள்ளயா கட்டியிரிக்கிறீங்க?"

விதானையார் இருமினார். அவர் காதில் விழுந்த சேதி பொழுதுபடுமுன் வாவியின் இரண்டு கரைக்கும் போய்விடும். அரசாங்கத்துக்குப் பொய் சொல்லத் துணிந்த அப்பாவுக்கு, தங்கையைக் கட்டியவன் என்ற பேரைச் சுமக்கத் துணிவில்லை. "சீச்சீ! அது எங்கட அக்காட மகள் இல்ல ஐயா" என்றார்.

அதன்பின் எல்லாம் சுருக்காக முடிந்தது. ஐயா அவள் சட்டைக்கையை மடித்துவிட்டு வடுவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தாய் எங்கே என்று கேட்டார். காத்தாயி தோட்டத்தின் பேர், குடியிருந்த லயத்தின் நம்பர், தாயின் பேர் மூன்றையும் சொன்னாள். அது எதையும் நான் படிப்பித்திருக்கவில்லை.

அவர் போனதும் அம்மா என் காதைத் திருகினாள். "உன்ட குடியச் சொல்லிக் குடுத்திட்டயே, மூதேவி!" நான் மறுக்கவில்லை. காது எரிந்தது, உள்ளே குளிர்ந்திருந்தது. என் மச்சாளாயிருக்கப் பிடிக்காமல்தான் அவள் என் குடிக்கு வந்திருக்கிறாள். என் அக்காவாக இருக்க ஆசைப்பட்டிருக்கிறாள். அந்த ரகசியத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அடுத்த நாள் ஒரு பெண் உத்தியோகத்தர் வந்து அவளை மலையகத்துக்குப் போகும் பதுளை பஸ்ஸில் கூட்டிப் போனார். அம்மா ஓலைப் பெட்டியில் பலகாரம் கட்டிக் கொடுத்து அழுதாள். காத்தாயி அழவில்லை. என் ரிப்பனோடு ஏறி, முன்சீட்டில், சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் உட்காருவது போல.

என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் போன மாதம் எங்கள் குடியை விசாரித்தார்கள். பதில் வாய்க்கு வருமுன் பூவரசின் கீழ் அவள் வாய்பொத்திச் சிரித்த சிரிப்பு வந்துவிட்டது. அவள் தெரிந்தேதான் பிசகினாள் என்று எத்தனை வருடம் பிந்தி விளங்குகிறது! வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைக் கூட்டிப்போன அன்று மத்தியானம் வீட்டில் வாவியில் பிடித்த செல்வன் மீனைப் பொரித்திருந்தார்கள். கூடப்பிறந்தவள் எங்கே போய்விடுவாள், பொழுதுபட வந்துவிடுவாள் என்று, என் பங்கில் பாதியைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் மூடி, ஆறிப்போன கிடாரத்தின் கீழே ஒளித்து வைத்தேன்.